கடற்பனியிடம் ஒப்படைக்கப்பட்ட கப்பல்

1893 ஜூன் 24

ஆர்க்டிக் கடலில் சென்ற மாலுமிகள் எல்லோரும் அஞ்சிய ஒன்றை, அதாவது கப்பல் கடற்பனியில் சிக்கி உறைந்துபோவதை, ஆய்வின் வழிமுறையாகவே ஏற்றுக்கொண்டு ஃபிராம் என்ற நார்வேக் கப்பல் கிறிஸ்தியானியாவிலிருந்து, அதாவது இன்றைய ஓஸ்லோவிலிருந்து, புறப்பட்டது. 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியால் நொறுக்கப்பட்டு மூழ்கிய ஜெனட் என்ற அமெரிக்கக் கப்பலின் பொருள்கள் மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கியிருந்தன. அவற்றைச் சுமந்து வந்த பனி வடதுருவப் பகுதியைக் கடந்தே வந்திருக்க வேண்டும் என்று வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் கருதினார். பொருள்கள் வந்த வழியில் ஒரு கப்பலும் வர முடியும் என்று பயணத் தலைவர் ஃபிரிட்யோஃப் நான்சென் வாதிட்டார். கப்பலைக் கட்டிய காலின் ஆர்ச்சர் அதன் அடிப்பகுதியைப் பனியின் பிடிக்கு அகப்படாதபடி உருண்டையாக அமைத்தார். இருபுறமிருந்தும் நெருக்கும் பனி கப்பலை நசுக்குவதற்கு மாறாக மேலே தூக்கிவிட வேண்டும் என்பதே அவ்வடிவத்தின் நோக்கமாகும்.

1893 ஆகஸ்ட் 29

தைமிர் கரையை ஒட்டிச் செல்கையில், இயந்திரம் முழு விசையுடன் இயங்கியும் கப்பல் நகர மறுத்தது. மாலுமிகள் இதைச் செத்த நீர் என்று வழங்கிவந்தனர். காரணம் எவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. ஆறுகளும் உருகும் பனியும் கொண்டுவந்த நன்னீர் மெல்லிய அடுக்காகக் கனமான உவர்நீரின் மேல் நிற்கும்போது, கப்பலை முன்னே செலுத்த வேண்டிய விசை அவ்விரு அடுக்குகளும் சந்திக்கும் எல்லையில் கண்ணுக்குத் தெரியாத உள்ளலைகளை எழுப்புவதிலேயே செலவாகிவிடுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் வாக்ன் வால்ஃபிரிட் எக்மன் பின்னர் நீர்த்தொட்டிச் சோதனைகளால் நிறுவினார். அன்று நான்சென் செய்தது நிகழ்ந்ததைக் கவனமாக எழுதிவைத்தது மட்டுமே. ஆனால் அந்தக் குறிப்பு இல்லாமல் பிற்காலச் சோதனை தோன்றியிருக்காது.

1893 செப்டம்பர் 22

வடக்கு அட்சரேகை 79 டிகிரிக்குச் சற்றுத் தெற்கே, நியூ சைபீரியத் தீவுகளின் வடமேற்கில், ஃபிராம் பெரியதொரு பனிப்பாளத்தில் கட்டப்பட்டது. சில நாள்களில் சுற்றிலும் கடல் உறைந்துவிட, சுக்கான் மேலே தூக்கப்பட்டு, இயந்திரம் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு வைக்கப்பட்டது. இனிக் கப்பலின் திசை மனிதர் கையில் இல்லை. நகர்வும் தொடக்கத்தில் நம்பிக்கை தருவதாக அமையவில்லை: வடக்கே போக வேண்டிய கப்பல் நவம்பர்த் தொடக்கம் வரை அலைக்கழிந்து, புறப்பட்ட இடத்துக்கும் தெற்கே போய் நின்றது.

1893 அக்டோபர் 9

முதல் பெரும் நெருக்கடி வந்தது. பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பேச்சே கேட்காத அளவுக்கு இரைச்சலிட்டன. கப்பல் நடுங்கி, மெல்ல உயர்ந்து, நெருக்கம் தளர்ந்தபின் மீண்டும் அமர்ந்தது. ஆர்ச்சரின் கணக்கு சரியாக இருந்தது.

1893 டிசம்பர்

கதிரவன் அடிவானத்துக்கு மேலே எழாத நீண்ட துருவ இரவில் பதின்மூன்று பேரின் வாழ்க்கை அளவீடுகளைச் சுற்றியே ஒழுங்குபெற்றது. மேல்தளத்தில் நிறுவப்பட்ட காற்றாலை மின்விளக்குகளை எரித்தது. தக்கை, கம்பளம், கலைமான் மயிர் ஆகியவற்றை அடுக்கி அமைத்த சுவர்கள் கூடத்தின் வெப்பத்தைக் காத்தன. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, அழுத்தம் ஆகியவை பதிவாயின. இப்பணிக்குப் பொறுப்பேற்றிருந்த சிகுர்ட் ஸ்காட் ஹன்சென் விண்மீன்களைக் கொண்டு கப்பலின் இருப்பிடத்தையும், தனிக் கருவிகளைக் கொண்டு புவிக்காந்தத்தையும் அளந்தார். ஏறத்தாழ மைனஸ் 39 டிகிரி செல்சியஸில் பாதரசமே உறைந்துவிடுமாதலால், கடுங்குளிரில் சாராய வெப்பமானிகளையே நம்ப வேண்டியிருந்தது. விரல்கள் மரத்துப்போகும் அந்நிலையில் நுண்ணிய திருகுகளைத் திருப்பி அளவெடுத்தவரின் பொறுமையைப் பயண வரலாறுகள் போதிய அளவு போற்றவில்லை.

மருத்துவர் ஹென்ரிக் பிளெசிங் மாதந்தோறும் ஒவ்வொருவரையும் எடைபோட்டு இரத்தத்தையும் சோதித்தார். வைட்டமின் என்ற கருத்தே பிறக்காத காலம் அது. ஈறுகள் வீங்கிக் குருதி கசியச் செய்யும் ஸ்கர்வி நோய் முந்தைய துருவப் பயணங்கள் பலவற்றைச் சிதைத்திருந்தும், பலவகை உணவை நன்கு பதப்படுத்தி எடுத்துச் சென்ற ஃபிராமில் அது எவரையும் தீண்டவில்லை. நோயாளிகள் இல்லாத மருத்துவர் ஃபிராம்ஷோ என்ற கப்பற்பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

1894 ஏப்ரல் 6

கதிரவ மறைப்பு நிகழ்ந்தது. தீர்க்கரேகையைக் கணிக்கத் துல்லியமான நேரம் தேவை. மறைப்பு தொடங்கிய கணத்தை முன்கூட்டிய கணக்கோடு ஒப்பிட்டு, கப்பலின் காலமானிகள் பிழையின்றி ஓடுவதை ஹன்சென் உறுதிசெய்துகொண்டார்.

1894 கோடை

முழுப் பயணத்திலும் முதன்மையானதாகக் கொள்ளத் தக்க கண்டுபிடிப்பு இந்த ஆண்டின் உழைப்பில் முதிர்ந்தது. ஆர்க்டிக் பெருங்கடல் ஆழமற்றது என்ற எண்ணம் நிலவியதால், கப்பலில் இருந்த ஆழமளக்கும் கம்பி போதிய நீளமுடையதாக இல்லை. எவ்வளவு இறக்கினும் அது தரையைத் தொடவில்லை. எனவே கப்பலின் எஃகு வடங்களில் ஒன்றைப் பிரித்து, அதன் இழைகளைப் புதிதாக முறுக்கி நீண்ட கம்பி செய்தனர். கடுங்குளிரில் பனிமேல் நடந்த இவ்வேலையின் பயனாக, 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழங்கள் அளக்கப்பட்டன. துருவத்தைச் சூழ்ந்து நிலமும் ஆழமற்ற கடலும் இருக்கக்கூடும் என்ற கருத்தை அது வீழ்த்திற்று.

ஆழத்தோடு வெப்பநிலையையும் அளந்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. பனிக்கு அடியில் உறைநிலையை ஒட்டிய குளிர்நீர் இருந்தது. ஆனால் ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே வெப்பநிலை சுழியைக் கடந்து உயர்ந்து, மேலும் ஆழத்தில் மீண்டும் தாழ்ந்தது. அட்லாண்டிக்கிலிருந்து நுழைந்த உப்பு மிகுந்த நீர், வெதுவெதுப்பானதாயினும் உப்பினால் அடர்த்தி கூடி, குளிர்ந்த மேலடுக்குக்குக் கீழே பரவுகிறது என்று நான்சென் விளக்கினார். பனி உருகாமல் நிலைப்பதற்கு இந்த மேலடுக்கே காப்பாக இருப்பதால், வெப்பமாகிவரும் இன்றைய ஆர்க்டிக்கைப் பற்றிய ஆய்வுகளும் இவ்வடுக்கமைப்பிலிருந்தே தொடங்குகின்றன.

1895 ஜனவரி 5

பனிமேடொன்று இடப்பக்கம் கப்பலின் மேல் ஏறி நின்றது. கைவிட நேர்ந்தால் எடுத்துச் செல்வதற்காக உணவுப்பொருள்கள் பனிமேல் இறக்கப்பட்டன. ஃபிராம் தாங்கியது.

1895 மார்ச் 14

கப்பலின் நகர்வு துருவத்தை எட்டாது என்று உணர்ந்த நான்சென், யால்மார் யோஹன்சென் என்ற துணைவருடன் நாய்வண்டிகளில் வடக்கே புறப்பட்டார். ஏப்ரலில் அவர்கள் 86 டிகிரி 14 நிமிடத்தை நெருங்கித் திரும்பினர். இச்சாகசமே உலகின் நினைவில் நிலைத்தது. ஆயினும் கேப்டன் ஒட்டோ ஸ்வெர்ட்ருப்பின் கீழ்க் கப்பலில் எஞ்சிய பதினொருவர் அளவீடுகளை இடைவிடாது தொடர்ந்திராவிடில், பயணத்தின் அறிவியல் பாதியிலேயே அறுந்திருக்கும். அவர்களுக்கு உரிய புகழ் இன்னும் வந்து சேரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஃபிராமும் 85 டிகிரி 55 நிமிடத்தைக் கடந்தது.

1896 ஆகஸ்ட் 13

ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடமேற்கே ஃபிராம் பனியிலிருந்து விடுபட்டுத் திறந்த கடலை அடைந்தது. அதே நாளில் நான்செனும் யோஹன்செனும் வேறொரு கப்பலில் நார்வேயின் வார்டோ துறையை அடைந்திருந்தனர்.

கரையில் தொடங்கிய வேலை கடலில் செய்ததைவிட நீண்டது: பயணத்தின் அறிவியல் முடிவுகள் 1900 முதல் 1906 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. காற்றின் திசையையும் பனியின் நகர்வையும் நாள்தோறும் ஒப்பிட்ட நான்சென், பனி காற்றின் திசையிலேயே செல்லாமல் 20 முதல் 40 டிகிரி வரை வலப்புறம் விலகிச் செல்வதைக் கண்டு, பூமியின் சுழற்சியே காரணம் என்று ஊகித்தார். அதைக் கணிதத்தில் நிறுவும் பொறுப்பு, இயற்பியல் அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னஸ் வழியாக, செத்த நீரை விளக்கிய அதே எக்மனிடம் சென்றது. காற்று மேலடுக்கைத் தள்ள, அது கீழடுக்கை இழுக்க, ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ளதைவிட மெதுவாகவும் இன்னும் வலப்புறமாகவும் ஓடுகிறது என்று 1905இல் அவர் காட்டினார். சுருள்படிக்கட்டைப் போல் ஆழத்தில் இறங்கும் இவ்வோட்டம் எக்மன் சுருள் என்று பெயர்பெற்றது. ஆழ்கடலின் மேற்பரப்பில் விலகல் 45 டிகிரி என்று அவருடைய சமன்பாடு கூறியது. கடற்பனியின் நகர்வைப் பற்றி அவர் எடுத்துக்கொண்ட சான்றுகள் ஸ்காட் ஹன்சென் முதலியோர் இரவு பகலாகக் குறித்துவைத்த பதிவேடுகளிலிருந்தே வந்தன.