நீரடியிற் சுறா

சுறா என்றவுடன் எம்மவர் நினைவுக்கு வருவன இரண்டு: சட்டி, பல். பிள்ளைப்பேறு நடந்த வீட்டுக்குப் பாற்சுறா வாங்கி வறை சமைப்பது எமது பகுதிகளின் நெடுநாள் வழக்கம். அதே சுறா கடலிலே தென்பட்டதென்று கேள்விப்பட்டாலோ, குளிக்கப்போன பிள்ளைகளைக் கூவியழைத்துக் கரையேற்றுகின்றோம். இவ்விரண்டுக்கும் நடுவே, தன்பாட்டில் நீந்தித் திரியும் சுறா ஒன்று உண்டு என்பதைக் கடற்றொழிலாளர் அறிவர். ஏட்டுக் கல்வி கற்ற நாம் அறியோம். கமரா என்னும் கருவி நீருக்குள் இறங்கிய பின்னரே அந்தச் சுறா படித்தவர் கண்ணுக்கும் எட்டியது. ஆயின், கமரா காட்டியது உள்ள சுறாவையா, காட்டுவோர் விரும்பிய சுறாவையா என்பது கேட்கத்தக்க கேள்வி.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிற் புறாத்தீவு கிடக்கின்றது. 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இடம் அது. அதனைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளிடையே, செட்டை நுனி கறுத்த சுறாக்கள் ஆழங் குறைந்த நீரிலேயே உலாவுகின்றன. வாடை ஓய்ந்து கடல் அடங்கிக் கிடந்த ஓர் ஆனி மாதக் காலையில், இரவல் வாங்கிய நீர்புகாக் கமராவுடன் நாம் அங்கே இறங்கினோம். படகோட்டி வந்த முதியவர் இளமையிற் சுறாத் தூண்டில் போட்டவர். “மாஸ்டர், காலை அடியாதையுங்கோ. சும்மா கிடவுங்கோ. அது தன்ரை பாட்டிலை வரும்” என்றார். சொன்னபடியே கிடந்தோம்.

முதலிற் சாம்பல் நிறமான ஓர் அசைவு. பின்னர் இரண்டு, மூன்று. மையிலே தோய்த்தெடுத்தாற் போன்ற முதுகுச் செட்டை. அந்தக் கறுப்பின் கீழே மெல்லியதொரு வெள்ளைக் கோடு. இரண்டு பாகத் தூரம் வரை வந்த ஒன்று, நாம் கமராவை உயர்த்திய கணத்திலே வாலை ஒருமுறை வெட்டித் திரும்பி மறைந்தது. அச்சம் எமக்கும் இருந்தது. எனினும் அதன் அச்சமே பெரிது. எம் அச்சத்திலும் ஒரு பகுதி கண்ணாடி செய்த வேலை. முகக்கண்ணாடியூடாக நீருக்குட் பார்க்கும் பொருள், ஒளி முறிவு காரணமாகத் தன் அளவினும் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், இருப்பதினும் கிட்டவாகவும் தோன்றும். ஆதலின் நாலரை அடிச் சுறா ஆறடியாகி எம்முன் நின்றது. கரைக்கு வந்து கதை சொல்வோன் அதனை எட்டடியாக்குவான். நாம் எடுத்த படங்களுட் பெரும்பாலானவற்றில் இருந்தவை நீல நீரும் ஒரு வாலும். ஒரேயொரு படத்திலே மீன் முழுமையாக விழுந்திருந்தது.

இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் ஒஸ்திரிய நாட்டு ஹான்ஸ் ஹாஸ். 1939இற் கரிபியன் கடலின் கியூறசோ, பொனேர் தீவுகளுக்குச் சென்று, கூண்டுமின்றிக் கவசமுமின்றிச் சுறாக்களை அவற்றின் இடத்திலேயே படம்பிடித்தவர். நெருங்கி வரும் சுறா நீருக்குட் கத்தினால் விலகும் என்றும் எழுதினார். எல்லாச் சுறாவும் அக்கூச்சலுக்கு அடங்குவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. எவ்வாறாயினும், சுறா எதிர்ப்பட்டோரையெல்லாம் விழுங்கும் பூதமன்று என்பதற்கு அவருடைய படங்கள் சான்றாயின.

அதனை அடுத்து வந்தவை எல்லாம் அந்நெறியிற் செல்லவில்லை. கூஸ்தோவின் ‘மௌன உலகம்’ 1956இற் கான் திரைப்பட விழாவின் உயர்பரிசைப் பெற்ற படம். அதிலே, கப்பலின் சுழல்விசிறியில் வெட்டுண்ட திமிங்கிலக் குட்டி ஒன்றைச் சுறாக்கள் தின்கின்றன. அதுகண்டு வெகுண்ட மாலுமிகள் சுறாக்களைத் தளத்துக்கு இழுத்து அடித்துக் கொல்கின்றனர். குட்டியை வெட்டியது அவர்களுடைய கப்பல், தண்டனை சுறாவுக்கு.

1975இல் வெளியான ‘ஜோஸ்’ படத்தின் கதை இன்னும் நுட்பமானது. உயிருள்ள வெள்ளைச் சுறாக்களைத் தென் அவுஸ்திரேலியக் கடலிலே அப்படத்துக்காகப் படம்பிடித்துக் கொடுத்தவர்கள் றொன் ரெய்லர், வலெரி ரெய்லர் தம்பதியர். கதையிலே வரும் சுறாவுக்கு நீளம் இருபத்தைந்து அடி. கடலிலே வந்தவை அவ்வளவு பெரியவை அல்ல. ஆகவே கூண்டைச் சிறிதாகச் செய்து, குள்ளமான ஒருவரை அதற்கென அழைத்து வந்தனர். மீனைப் பெரிதாக்க இயலாதபோது மனிதனைச் சிறிதாக்கினர்! உலகெங்கும் விற்கப்பட்ட அச்சம் இவ்வாறு அளவு பார்த்துத் தைக்கப்பட்டது. தாமாகச் சென்று சீண்டாதவர்களுட் சுறாக் கடியால் இறப்போர், உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்குச் சராசரி பத்துப் பேருக்கும் குறைவு. படத்தின் விளைவு கண்டு வருந்திய வலெரி ரெய்லர் பின்னர் சுறாக்களுக்காகவே வாதாடினார். பழிசுமத்திக் கொல்லப்பட்டு வந்த சாம்பல் நேர்ஸ் சுறாவுக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1984இற் சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததில் அவர் உழைப்புக்குப் பங்குண்டு.

எமது கடலுக்கும் கமரா அக்காலத்திலேயே வந்துவிட்டது. ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக் கடல்களில் இறங்கினர். கோணேசர் மலையடியிற் கிடக்கும் கோயிற் தூண்களை நீருக்குட் கண்டனர். 1957இல் அதுபற்றிய நூல் வந்தது. 1962இல் வில்சன் எடுத்த ‘ரன்முத்து தூவ’ சிங்களத்தின் முதலாவது முழுநீள வண்ணப் படம்; அதிலும் நீரடிக் காட்சிகள் உண்டு. இவை போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும் இந்நாட்டுக் கடலடியை முதலிற் கண்டவர் இவர்களென்று எண்ணுவோமாயின், மன்னார்ச் சுழியோடிகளை மறந்தவராவோம். காலிலே கல்லைக் கட்டி, ஒரு மூச்சில் இறங்கி, முத்துச்சிப்பி வாரி மேலேறியவர்கள் அவர்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று ‘கடல்கட்டி’ என்னும் மந்திரகாரர் கரையில் இருந்தார். அவரின்றிச் சுழியோடி இறங்கான். ஆதலால் ஆங்கில அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 1859இல் வெளியான தம் நூலில் எமர்சன் ரெனன்ற் அவரைக் குறிப்பிடுகின்றார். மந்திரத்தை நாம் நம்பவில்லை. ஆனால், முத்தை ஏலத்தில் விற்றவர்கள், அம்முத்துக்காக இறங்கியவனுக்குக் கொடுத்த காப்பு அந்த மந்திரம் ஒன்றே என்பதையும் மறக்கவில்லை.

ஒளிப்படத்துக்கு இன்று வேறொரு பயனும் உண்டாயிற்று. மீனினத்தில் மிகப் பெரியதான திமிங்கிலச்சுறா, பற்களாற் கடித்துண்பதன்று; கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்து உண்பது. அதன் உடலிலுள்ள வெண்புள்ளிகள் ஒன்றிற்கொன்று வேறானவை. எமது கைரேகை போன்றவை. வானத்து விண்மீன் கூட்டங்களை ஒப்பிடுவதற்கு வானியலார் வகுத்த கணிதமுறையைக் கொண்டு, 2005ஆம் ஆண்டளவில் இப்புள்ளிகளை ஒப்பிட்டறியும் வழி காணப்பட்டது. சுற்றுலா வந்தவர் பொழுதுபோக்காக எடுத்த படமும், இன்ன சுறா இன்ன ஆண்டு இன்ன கடலில் உயிரோடு இருந்தது என்பதற்குச் சாட்சியாகின்றது. சாட்சி வேண்டிய காலந்தான். 1970க்குப் பின் ஆழ்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 71 வீதம் அருகிவிட்டன என்று 2021இல் ஆய்வாளர் கணித்துள்ளனர். பருவமடையப் பல ஆண்டுகள். ஈற்றொன்றுக்குச் சில குட்டிகள். நிலாவெளியில் நாம் கண்ட இனம் ஒருமுறையில் ஈனுவது இரண்டு முதல் ஐந்து வரையே.

எமது நாட்டிலும் சட்டம் வந்தது. உடலளவு நீண்ட வாலுடைய கசைவாற் சுறாக்களைப் பிடித்தல் 2012இலும், திமிங்கிலச்சுறாவையும் ஆழ்கடல் வெண்செட்டைச் சுறாவையும் பிடித்தல் 2015இலும் தடுக்கப்பட்டன. இது வேண்டியதே. ஆயினும் வலை சட்டம் படிப்பதில்லை. பலநாட் படகின் வலையில் விழுந்த சுறா மேலே வரும்போது பெரும்பாலும் இறந்துவிடுகின்றது. அதனைக் கடலில் எறிபவன் பங்குக்கூலிக்குப் போனவன். கொணர்ந்தால் அகப்படுபவனும் அவனே. செட்டையை ஏற்றுமதி செய்தவரும், அதனைச் சூப்பாகக் குடித்தவரும் அவன் முகத்தைக் கண்டதில்லை. நிலாவெளி முதியவர் இதனை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “முந்திச் செட்டைக்கு வாங்கினாங்கள். இப்ப பாக்கிறதுக்குக் காசு குடுக்கினம். ரெண்டிலையும் எனக்குக் கிடைக்கிறது படகுக்கூலிதான், மாஸ்டர்.”

எமது ஒற்றைப் படத்தை வகுப்பிலே காட்டியபோது, கடற்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் வாலுக்கு முன்னே கீழ்ப்புறத்திலிருந்த இரு சிறு தண்டுகளைச் சுட்டி, “சேர், இது கடுவன்” என்றான். எமக்கு அது தெரியாது, பாடநூலிலும் இல்லை. அன்று தொடக்கம் அவனும் நாமுமாகச் சுறாவின் பெயர்களை அவனுடைய பாட்டனாரிடம் கேட்டு எழுதி வருகின்றோம்: பாற்சுறா, கொம்பன் சுறா, புலிச்சுறா, வேளாச்சுறா என்று கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பட்டினப்பாலையிலே பரதவர் மணலில் நட்டு வழிபடும் சுறாக்கோடு, வாள்போல நீண்ட மூக்குடைய இவ்வேளாவினுடையது என்று கருதுவர். நூலோர் அதனைத் திருக்கையினத்திற் சேர்ப்பர். பாட்டனார் சுறா என்றே சொல்கின்றார். அதனை அவர் வலையிற் கண்டிருக்கின்றார். மாணவனின் தகப்பனார் கண்டதில்லை.