அஞ்சு நிமிஷம்

சித்தூர்ல டீக்கடை வாசல்ல நின்னுட்டிருந்தேன்.
ஆக்சிஜன் டேங்கர் ஒண்ணு திருப்பதி ரோட்டுல போச்சு.
டீ கையிலயே ஆறிப்போச்சு.

ஞாபகத்துக்கு வந்தது 2021 மே 10 ராத்திரி.
திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை.
ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து வர வேண்டிய டேங்கர் நேரத்துக்கு வரல.
ஐசியூவுல இருந்த கொரோனா நோயாளிங்க 11 பேர் போயிட்டாங்கன்னு அன்னைக்குக் கணக்கு சொன்னாங்க.

ஆக்சிஜன் அழுத்தம் குறைஞ்சது அஞ்சு நிமிஷம்தான்னு அதிகாரிங்க சொன்னாங்க.
நோயாளிங்களோட சொந்தக்காரங்க இல்லவே இல்லன்னாங்க. மூச்சுத் திணறினவங்களுக்குக் கையில கிடைச்சதை வச்சு விசிறினாங்களே, அந்தக் கைங்க இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

ரெண்டு மாசம் கழிச்சு, ஜூலை 20. மாநிலங்களவையில ஒன்றிய அரசு சொல்லுது: ஆக்சிஜன் பற்றாக்குறையால இறந்ததா எந்த மாநிலமும் குறிப்பா தெரிவிக்கல.

வயிறு எரியுது.

ஒரு டேங்கர் தாமதமானா அடுத்தது என்னன்னு முன்கூட்டியே யோசிச்சு வைக்கிறது யாரோட வேலைங்க?