கைமாற்று

தோற்றுக்கொண்டிருக்கிற ஓர் அணியைக் காகிதத்தில் திருத்தி எழுதுவது ஒருவிதப் பழக்கம். கவிதையைத் திருத்துவதைவிட எளிது. சொல்லை இடம் மாற்றினால் பக்கத்துச் சொல் முகம் சுளிக்கிறது; ஆட்டக்காரர்களின் பெயர்கள் அப்படிச் செய்வதில்லை. இவனைக் கொடு, அவனை வாங்கு, அந்த ஒருவனுக்குப் பதில் இந்த இரண்டு பேர். பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம் போதும். நானும், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு நண்பரும் மூலக்கொத்தளத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஆட்பட்டவர்கள். அவர் எண்பதுகளில் ஓர் அலுவலக அணிக்கு லெஃப்ட் ஆஃப் ஆடியவர். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன்.

இந்தப் பக்கத்தில் ஹாக்கி பேச ஆள் கிடைப்பது அபூர்வம். பையன்கள் கால்பந்து, பாக்ஸிங், கேரம் என்று வளர்கிறார்கள். வடசென்னைப் பெண் காசிமா 2024இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்றபோது தெருவுக்குத் தெரு பட்டாசுச் சத்தம் கேட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹாக்கி இங்கே ரயிலோடு வந்தது. ராயபுரத்தில் 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறந்தார்கள். அதன்பின் ரயில்வேயில் வேலைக்கு அமர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு ஸ்டிக்கும் காலனிகளுக்குள் நுழைந்தது. அந்தக் குடும்பங்கள் போய்விட்டன. ஸ்டிக் அலுவலகங்களிடம் தங்கிவிட்டது. ரயில்வே, வங்கி, போலீஸ், சுங்க இலாகா என்று ஹாக்கி சம்பளப் பட்டியலுக்குள் குடியேறிய கதை அது.

சென்னைக்கென்று தொழில்முறை அணி என்பது இருபத்தைந்து வருஷத்துக்குள் மூன்று தடவை பிறந்திருக்கிறது. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னை வீரன்ஸ். அந்த லீக் 2008உடன் முடிந்தது. 2012இல் வேர்ல்ட் சீரீஸ் ஹாக்கிக்காகச் சென்னை சீட்டாஸ்; ஒரே ஒரு சீசன், அணியும் லீக்கும் சேர்ந்தே மறைந்தன. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் சென்னைக்கு இடமே இல்லை. அந்த லீக் 2024 டிசம்பரில் மறுபடி உயிர் பெற்றபோது தமிழ்நாடு டிராகன்ஸ். வீரன், சிறுத்தை, வேதாளக் கதைப் பாம்பு. ஒவ்வொரு பிறவியிலும் வேறு பெயர், வேறு சட்டை, வேறு முதலாளி. அடுத்த வருஷமும் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஓர் அணியைச் சீர்திருத்துவது பற்றிப் பேச முடியும். எங்கள் ரசீதுகள் அந்த நம்பிக்கையை முன்பணமாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

டிராகன்ஸ் முதல் வருஷம் கேவலமாக ஆடவில்லை. அரையிறுதிக்குப் போய் வங்க அணியிடம் தோற்றது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடமும் தோற்று நான்காவதாக முடித்தது. ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் ஆட்டங்களை வைத்துக்கொண்டதால் தமிழ்நாட்டு அணி அந்த வருஷம் தமிழ்நாட்டு மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பது வேறு விஷயம். 2024 அக்டோபர் ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடி ரூபாய். இருபத்து நான்கு பேர். அதில் எட்டுப் பேர் வெளிநாட்டவர், பதினாறு பேர் இந்தியர், இந்தியரில் குறைந்தது நான்கு பேர் ஜூனியர். டச்சுக்காரர் ஜிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம். இருவரும் பெனால்டி கார்னருக்குப் பெயர் போனவர்கள். நான்கு கோடியில் கால் பங்குக்கு மேல் ஒரே வேலைக்குப் போனதாக எனக்குப் பட்டது. என் முதல் யோசனை: ரோஹிதாஸை உத்தரப்பிரதேச அணிக்குக் கொடுத்து, அவர்கள் 70 லட்சத்துக்கு எடுத்திருந்த ஹர்திக் சிங்கை வாங்குவது. நடுக்களத்தில் பந்தைச் சுமந்து போக ஓர் ஆள் வேண்டும்.

நண்பர் ரசீதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கார்னர் அடிக்கிறவன பாத்த. கார்னர்ல ஓடறவன பாத்தியா?”

எதிரி பெனால்டி கார்னர் எடுக்கும்போது கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடி, வருகிற பந்துக்கு நேராக உடம்பைக் கொண்டுபோய் வைக்கிறவனைப் பற்றிச் சொன்னார். ரோஹிதாஸ் அந்த வேலையில் கைதேர்ந்தவர். 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி, ஷூட் அவுட்டில் இந்தியா ஜெயித்தது. ஸ்ரீஜேஷைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். ஜெர்மனியோடு நடந்த அரையிறுதியில் ரோஹிதாஸ் ஆடத் தடை. இந்தியா 2-3 என்று தோற்றது. ஜெர்மனியின் கோல்களில் ஒன்று பெனால்டி கார்னரில் கொன்சாலோ பெயிலாட் அடித்தது. ரோஹிதாஸ் இருந்தால் தடுத்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வராமல் போன கோல்களுக்குப் புள்ளிவிவரத்தில் பத்தி கிடையாது. என் கணக்கில் இன்னும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் லெஃப்ட் ஆஃப் ஆடியவர் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஹாக்கியில் இடக்கை ஸ்டிக் கிடையாது. எல்லா ஸ்டிக்குக்கும் தட்டைப் பக்கம் ஒன்றுதான். எதிரியின் ரைட் விங்கர் கோட்டை ஒட்டி ஓடி வரும்போது லெஃப்ட் ஆஃபுக்குப் பந்து எப்போதும் சௌகரியமில்லாத பக்கத்தில் இருக்கிறது. காலை நகர்த்தி வைத்து முன்கூட்டியே கோணத்தை அடைக்க வேண்டும், அல்லது ஸ்டிக்கைத் திருப்பி முனையால் தட்ட வேண்டும். அதனால் நல்ல லெஃப்ட் ஆஃப் அரிது. அரிது என்பதும் பார்க்கிறவருக்குத் தெரியாது. மூலக்கொத்தளம் என்பது பழைய கறுப்பர் நகர மதிலின் மூலையில் நின்ற கொத்தளம். தன்னைப் பற்றி அவர் செய்துகொள்கிற ஒரே பெருமை, தாம் ஊர்ப்பெயருக்குப் பொருத்தமான இடத்தில் ஆடியதாகச் சொல்வது.

ஆட்டக்காரர்களைக் கொடுத்து வாங்குகிற கலை உச்சத்தில் இருப்பது பனிக்கட்டி மேல் ஆடுகிற ஹாக்கியில். 1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மண்டன் ஆயிலர்ஸ் என்ற கனடா அணி வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தது. அவரோடு இன்னும் இருவர் போனார்கள். பதிலுக்கு இரண்டு ஆட்டக்காரர்கள், வருங்கால இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் மூன்று முதல் சுற்று உரிமைகள், ஒன்றரைக் கோடி டாலர். இந்த விற்பனையை அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று கனடாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்கிற அளவுக்குப் போனது. கிரெட்ஸ்கி இல்லாமலே எட்மண்டன் 1990இல் கோப்பையை வென்றது. வாங்கிய லாஸ் ஏஞ்சலஸ் முதல் கோப்பையைத் தொட 2012 ஆயிற்று. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் கவனித்தது வேறு ஒன்றை. இன்னும் பிறந்தே இராத ஆட்டத்துக்கு உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறார்களே, அது எப்படி என்று இரண்டு முறை கேட்டார். அவர் ஒரு பரிமாற்றத்தில் இருந்திருக்கிறார். அவருக்குத் தெரியாமலே.

எண்பதுகளின் நடுவில் அவருடைய அலுவலக அணி சரிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருவருக்கு வயதாகிவிட்டது. கோல்கீப்பருக்கு முழங்கால் போய்விட்டது. புது ஆள் எடுக்க மேலிடம் மனசு வைக்கவில்லை. பெரிய அலுவலகம் ஒன்றுக்கு லெஃப்ட் ஆஃப் தேவைப்பட்டது. இரண்டு விளையாட்டுச் செயலாளர்களும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்: இவரை விட்டுக்கொடுத்தால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒரு கோல்கீப்பரையும் ஓர் இன்சைட் ரைட்டையும் அனுப்புவது. இவருக்கு ஒரு கிரேடு கூட. காகிதத்தில் பிசிறில்லாத ஏற்பாடு. எங்கள் ரசீது எதிலும் இவ்வளவு நல்ல யோசனை இருந்ததில்லை.

நடக்கவில்லை. அந்த கோல்கீப்பர் ரயில் பாதை ஓரம் அலுவலகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர், மனைவிக்கு மாதம். இன்சைட் ரைட்டுக்கு ஐந்து வருஷ சீனியாரிட்டி. பெரிய இடத்து நிரந்தர வேலையை ராஜிநாமா செய்துவிட்டுச் சின்ன இடத்தில் கடைசி ஆளாகச் சேர எவன் வருவான்? அவர்கள் மாட்டோம் என்றதும் இவருடைய அலுவலகம் இவரை விடுவிக்க மறுத்தது. சில மாதம் கழித்து, தம்மை வேறு அலுவலகத்தில் சேரவிட என்.ஓ.சி. வழங்க இயலாது என்ற பதில் இவர் மேஜைக்கு வந்தது. இவர் கேட்டதே இல்லை. இவர் பெயரில் யாரோ போட்ட விண்ணப்பத்தை வேறு யாரோ நிராகரித்திருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்தில் அந்த அணியைக் கலைத்தார்கள். உத்தரவு ஒரே பத்தி. ஸ்டிக்குகளைக் கணக்கெடுத்து ஸ்டோரில் வைத்தார்கள். இவரை டெஸ்பாட்ச் பிரிவில் போட்டார்கள்; ஓய்வு பெறுகிற வரை தபால் முத்திரைதான். பெரிய அலுவலகத்துக்குப் போயிருந்தால் மாநில அணி, அதற்கு மேல் ஒரு முகாம் என்று ஏதாவது நடந்திருக்கலாம். அதை நான் சொல்வேன், அவர் சொல்ல மாட்டார். “டீம் போச்சு. சம்பளம் போவலயே,” என்பார். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகள் கல்யாணம், அம்மாவின் வைத்தியம், மூலக்கொத்தளத்தில் ஒன்றரை அறை வீடு. இதை வெற்றி என்று எழுதவும் கை வரவில்லை, தோல்வி என்று எழுதவும் வரவில்லை.

எங்கள் ஹாக்கியில் ஆட்டக்காரனுக்கு எதிரே தராசில் வைக்கப்படுவது இன்னொரு ஆட்டக்காரன் இல்லை. ஒரு வேலை, ஒரு குவார்ட்டர்ஸ், ஒரு பென்ஷன். அவற்றைக் கைமாற்ற முடியாது. அணியைப் பார்க்கிறவர்களுக்கு அது அணி. உள்ளே இருக்கிறவனுக்கு மாதம் பிறந்தால் கையெழுத்துப் போடுகிற இடம். இந்த இரண்டையும் ஒரே பெயர்ப் பட்டியலாக எழுதுவதால்தான் நம் யோசனைகள் காகிதத்தில் மட்டும் ஜெயிக்கின்றன.

கைமாறிப் போனவர்களைப் பற்றிச் சரித்திரமும் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. 1936 பெர்லினில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற அணியில் ஆடிய ஏ.ஐ.எஸ். தாரா, 1948 லண்டனில் பாகிஸ்தானுக்குத் தலைவர். ஜபல்பூரில் பிறந்த எரிக் பியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். சகோதரர்கள் ஐந்து பேருமே அந்த நாட்டு அணியில் ஆடியவர்கள். பதிலுக்கு இந்தியாவுக்கு ஒரு கோல்கீப்பர்கூட வரவில்லை. பெர்லினில் தாராவும் 1947க்குப் பின் கப்பல் ஏறிய ஆங்கிலோ இந்தியர்களும் யாருடைய யோசனைப்படியும் கொடுக்கப்பட்டவர்கள் இல்லை. எங்கே பிழைப்பு, எங்கே பயமில்லை என்று பார்த்துப் போனார்கள். பாரிஸில் நமக்கு எதிராகக் கோல் அடித்த பெயிலாட்கூட 2016 ரியோவில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்தான்.

2025 கடைசியில் உத்தரப்பிரதேச அணி லீக்கிலிருந்து விலகியது. ஹர்திக் சிங் உட்பட அதன் ஆட்டக்காரர்களை நடுத்தெருவில் விட முடியாதென்று லீக் நிர்வாகமே அவர்களை வைத்து ஓர் அணியை இறக்கியது. அதற்கு ஊரில்லை, நிர்வாகக் குழுவின் பெயர்தான் அணியின் பெயர். பத்திரிகைகள் இதை ஒரு விபத்தாக எழுதின. எனக்கு அது எங்கள் ஊர் அலுவலக அணிகளின் நேர் வாரிசாகத் தோன்றியது. 2026 ஜனவரியில் லீக்கின் ஒரு பகுதி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்தது. ஆட்டத்துக்கு முன்னால் விசிறிக் குழாய்கள் தரைக்குத் தண்ணீர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பந்து வழுக்கி ஓட அது வேண்டும். 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற தெருக்காரன் என்ற முறையில் எனக்கு அந்தக் காட்சியில் முழு மகிழ்ச்சி கிடைப்பதில்லை.

இப்போது நாங்கள் எழுதுகிற ரசீது மாறியிருக்கிறது. யான்சனைத் தொட வேண்டாம், ரோஹிதாஸையும் வைத்துக்கொள்ளலாம் என்று நான் இறங்கி வந்திருக்கிறேன். நண்பரின் யோசனை முன்வரிசை வெளிநாட்டவர்களில் ஒருவரைக் கொடுத்து நடுக்களத்துக்கு ஆள் வாங்குவது. ஜூனியர் நான்கு இடங்களையும் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்களால் நிரப்புவது. அரியலூர்க்காரர் கார்த்தி செல்வமும் மாரீஸ்வரனும் அந்த ஊர் மைதானத்திலிருந்து 2022 ஆசியக் கோப்பை வரை போனவர்கள். லீக் ஒரு மாதம் நடக்கும். பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் கோடு போட்டு ஒரு பத்தி விட்டிருக்கிறார். விலைக்கான பத்தி என்று நினைத்தேன். மற்ற பதினோரு மாதம் அந்தப் பையனுக்கு எங்கே வேலை என்பதற்காம். இரண்டு பெயருக்கு எதிரே ரயில்வே என்று போட்டிருக்கிறார், ஒன்றுக்கு எதிரே போலீஸ். லெஃப்ட் ஆஃப் பையனுக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை.