சந்தியில் அணையும் லொறி: லிங்கநகர்க் கராஜ் ஒன்றின் நாட்குறிப்பு

திங்கள்

பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றி, எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் கணினிக்கு, அதாவது கராஜ்களில் ஈ.சி.யு. எனப்படும் பெட்டிக்கு, அறிவிக்கும் சிறு கருவியே த்ரொட்டில் சென்சர். அதனுள் ஒரு கரித்தடமும், வால்வின் அச்சோடு சேர்ந்து அத்தடத்தின்மேல் நகரும் தொடுமுனையும் உள்ளன. தடத்தின் ஒரு முனைக்கு 5 வோல்ட்டும் மறுமுனைக்கு எர்த்தும் கிடைக்க, தொடுமுனை நிற்கும் இடத்துக்கேற்ப ஏறத்தாழ 0.5 வோல்ட் முதல் 4.5 வோல்ட் வரை சமிக்ஞை எழுகிறது.

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளைக்கு ஐஸ் இட்ட மீன் ஏற்றிச் செல்லும் சிறிய பெட்ரோல் லொறி ஒன்று, சந்திகளில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது என்ற முறைப்பாட்டுடன் இன்று திருகோணமலை லிங்கநகரில் உள்ள இந்தக் கராஜுக்கு வந்தது. வேறோர் இடத்தில் சென்சரைப் புதிதாக மாற்றிய பின்னரும் கோளாறு தீரவில்லை என்பதே இதில் முதன்மையான தடயம்.

செவ்வாய்

எரிபொருள் அழுத்தமும் ஸ்பார்க் பிளக்குகளும் ஒழுங்காக இருந்தன. ஐடில் வால்வு, அதாவது கால் எடுத்த நிலையிலும் எஞ்சின் ஓடுவதற்குத் தேவையான காற்றை விடும் துணை வால்வு, கரி படியாமல் இருந்தது. ஸ்கேனரில் பிழைக் கோட் எதுவும் பதிவாகவில்லை. இதைக் கொண்டு சென்சர் வழியில் பிழையில்லை என்று முடிவு கட்டுவது தவறு. ஏனெனில் சமிக்ஞை அனுமதிக்கப்பட்ட எல்லையை மீறிக் கீழிறங்கினால் பி0122, மேலேறினால் பி0123 எனக் கணினி குறித்துக்கொள்ளுமே தவிர, எல்லைக்குள் நின்று பொய் சொல்லும் அளவை அது பல வேளைகளில் உண்மை என்றே ஏற்றுக்கொள்கிறது.

புதன்

சென்சரின் பிளக்கைக் கழற்றி, வயர் பக்கத்து முனைகளை மல்டிமீட்டரால் அளந்தபோது முழு 5 வோல்ட் தென்பட்டது. இவ்வளவோடு நிறுத்தினால் வயர் நல்லது, சென்சரே பழுது என்ற முடிவுதான் கிட்டும். ஆனால் கழற்றிய பிளக்கில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாத வயரில் எவ்வளவு தடை இருந்தாலும் அழுத்தம் குறைந்து காட்டாது. ஆகவே பிளக்கை மீண்டும் மாட்டி, அதன் பின்பக்கத்தால் மெல்லிய ஊசிமுனையை நுழைத்து, எர்த் வயருக்கும் பட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளக்கப்பட்டது. 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாத அந்த இடத்தில், எஞ்சின் சூடேறியிருக்க வயர்க் கட்டை அசைத்தபோது 0.45 வோல்ட் வந்து வந்து மறைந்தது; அதே கணங்களில், வால்வு முற்றாக மூடியிருந்தும், சமிக்ஞை 0.5 இலிருந்து 0.9 வோல்ட்டுக்குத் தாவியது.

கணக்கும் பொருந்துகிறது. தடத்தின் மொத்தத் தடை 4,000 ஓம் அளவில் இருக்கையில், எர்த் வழியில் வேண்டாத 400 ஓம் சேர்ந்தால் அடிமட்டம் ஏறத்தாழ அந்த 0.45 வோல்ட்டே உயரும். அந்த 0.9 வோல்ட்டைக் கண்ட கணினி, சாரதியின் கால் இன்னும் அக்சிலேட்டரில் இருப்பதாகக் கொண்டு, ஐடில் வால்வைத் தேவையான அளவு திறக்காமல் விட, காற்றுப் போதாமல் எஞ்சின் அணைகிறது.

வியாழன்

வயர்க் கட்டைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தபோது, பிளக்கிலிருந்து ஒரு சாண் மேலே, எர்த் வயரின் உறையில் முன்னொரு சோதனையின்போது ஊசி குத்திய துளை தெரிந்தது. உறையை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து உதிர்ந்து, இரண்டொன்றே எஞ்சியிருந்தன. கடற்காற்றும், மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரும் படும் இவ்வூர் வாகனங்களில் ஒரு துளை போதும். ஈரம் வயருக்குள்ளேயே நெடுந்தூரம் ஊர்ந்து செல்லும்.

வெள்ளி

பச்சை பிடித்த பகுதி முழுவதும் வெட்டி நீக்கப்பட்டு, புது வயர் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டு, சூட்டில் சுருங்கும் உறை இடப்பட்டது. கணினி முன்னர் கற்றுவைத்த அளவுகள் அழியும்படி பட்டரி இணைப்பு சிறிது நேரம் கழற்றி மாட்டப்பட்டது. கந்தளாய் வரை சென்று திரும்பிய ஓட்டத்தில் எந்தச் சந்தியிலும் எஞ்சின் அணையவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் முழுமையாகத் திறக்கப்படும் வரை, இலங்கையில் பழைய லொறிகளையே பேணி ஓட்ட வேண்டியிருந்தது; உதிரிப்பாகங்களின் விலையும் பன்மடங்கானது. விலை இவ்வாறு உயர்ந்தபின் நல்ல சென்சரைக் கழற்றி எறிவது உரிமையாளரின் உழைப்பைக் களவாடுவதற்கு ஒப்பாகும். ஆகவே கராஜ்களில் தொழில் பழகும் இளைஞர்கள், எந்தச் சென்சரையும் மாற்றுமுன் பிளக் மாட்டிய நிலையிலேயே அதன் வயர்கள் அனைத்தையும் அளக்க வேண்டும். அளப்பதற்காக வயரின் உறையை ஒருபோதும் குத்தக் கூடாது.