முட்டுக்காட்டில் ஒரு வாயில்

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் கண்டு மகிழ்ந்தபின், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்கின்றோம். கார்மேல் அன்னை ஆலயம் விளங்கும் கோவளத்தைக் கடந்தால், செங்கற்பட்டு மாவட்டத்து முட்டுக்காடு. உப்பங்கழியில் படகுச் சவாரிக்கு வருவோர் பலர். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கென 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு இங்கு நிறுவிய தேசிய நிறுவனத்தை அறிந்தோர் சிலரே.

பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி மையம் 2021 ஜூனில் இந்நிறுவனத்தில் திறக்கப்பட்டது. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தை, பேச்சு வரத் தாமதிக்கும் குழந்தை, சிற்றோசைக்கும் செவி பொத்தும் குழந்தை: இவர்களுள் சிலருக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும். மூளை வளரும் விதம் வேறுபடுவதே அது. தாயின் வளர்ப்புக் குறையன்று. பெற்றோர் செய்த பாவமோ என்போருக்கு, பிறவிக் குருடனைக் குறித்து ஆண்டவர் அளித்த விடையே போதும். ஐயம் எழுந்தவுடன் காட்டுவது நலம், காலம் தாழ்த்தலாகாது.

பயிற்சியோ சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் அக்குழந்தை வாழ்வது நம் தெருவில், நம் பங்கில். திருப்பலியில் அது குரலெழுப்புகையில் நாம் திரும்பி நோக்கும் ஒரு பார்வையே தாயை ஆலயத்தினின்று அகற்றிவிடும். ஒலிபெருக்கிக்கு அப்பால் அவர்களுக்கு ஓரிடம் ஒதுக்குவோம். பயிற்சிக்குச் செல்லும் நாளில் அவளுடைய மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம். நம் பிள்ளைகளை அக்குழந்தையோடு விளையாட அனுப்புவோம். முட்டுக்காட்டில் திறந்த வாயில் நம் இல்லங்களிலும் திறக்கட்டும்.