மாதம் ஒரு ரயில்

கணவருக்குப் பரிசு வாங்குவதைப் போலத் தலைவலி பிடித்த வேலை வேறு கிடையாது. நமக்கென்றால் ஒரு புடவை போதும், ஒரு ஜோடிக் கம்மல் போதும். ஆண்களுக்கு என்ன வாங்குவது? சட்டை இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது, பர்ஸ் ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. அதிலும் அவருக்கு ஏதாவது பொழுதுபோக்குப் பைத்தியம் இருந்துவிட்டால் போச்சு! நாம் தேடித் தேடி எதை வாங்கி வந்தாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஓர் இழுப்பு வரும்.

என் கணவருக்கு இருப்பது குட்டி ரயில் பைத்தியம். பொம்மை ரயில் என்று சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். நிஜ எஞ்சினை அளவு பிசகாமல் சிறியதாக்கி, தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் எல்லாவற்றையும் அதே கணக்கில் செய்து வைத்து ஓட்டுவது இது. அவர் பிறந்தது அரக்கோணம். மாமனார் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்க ஊர் வழியாத்தான் போச்சு என்று, தானே கொடி காட்டி அனுப்பியதைப் போலச் சொல்லுவார்.

நாங்கள் 2006-லிருந்து இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறோம். அவர் பஸ் டிரைவர். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். வீட்டைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த நாலு குடும்பங்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறேன்.

2022 ஜனவரியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து பைபாஸ் செய்தார்கள். நெஞ்செலும்பு கூடி வர மூன்று மாதம் ஆகும், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அதுகூடப் பெரிதில்லை. பைபாஸ் ஆனவர்கள் குறைந்தது 3 மாதத்துக்கு பஸ், லாரி ஓட்டக் கூடாது என்பது இந்த நாட்டு விதி. அதற்கப்புறமும் இருதயச் சோதனைகளில் தேறினால்தான் உரிமம் திரும்பக் கிடைக்கும். இருபத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சு குறைந்தது. இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி என்று கேட்பதுகூட நின்றுபோனது. இருதய ஆபரேஷனுக்குப் பிறகு மனம் சோர்ந்து போவது பலருக்கும் வருவதுதான், வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார். சொன்னோம். அதற்கும் வைத்தியம் நடந்தது.

மே மாதம் அவருக்குப் பிறந்த நாள். கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப் பெட்டியில் ஒரே ஒரு எஞ்சினும் கொஞ்சம் தண்டவாளமும் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தன. அதற்குத் துணையாக இன்னொரு எஞ்சின் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்த அளவு? எந்தக் கம்பெனி ரயில்? எந்தக் காலத்து ரயில்? நான் விழித்த விழியைப் பார்த்து அவரே பொறுமையாக விளக்கினார்.

இந்த ரயில்களில் பல அளவுகள் உண்டு. இங்கிலாந்தில் அதிகம் பேர் வைத்திருப்பது 'டபுள் ஓ'. அதாவது நிஜ ரயிலில் ஓர் அடி என்பது இதில் 4 மில்லிமீட்டர். 76-ல் ஒரு பங்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'ஹெச்.ஓ.', அது 87-ல் ஒரு பங்கு. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான். அந்த நாளில் மோட்டார்கள் பெரிதாக இருந்ததால் ஒல்லியான இங்கிலீஷ் எஞ்சினுக்குள் அடங்கவில்லையாம். உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வளர்ந்த பையனுக்குப் பழைய செருப்பு போட்ட கதைதான்! இவை தவிர, இன்னும் சின்னதாக 'என்' என்ற அளவு. பெரிதாக 'ஓ' என்ற அளவு.

காலமும் முக்கியம். 1948-ல் இங்கிலாந்து ரயில்களை அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் நாலு பெரிய கம்பெனிகள் இருந்தன. அதில் ஒன்றின் 1930-ஆம் வருஷத்து ஸ்டேஷனைக் கட்டிக்கொண்டிருப்பவரிடம் 1960-களின் டீசல் எஞ்சினைக் கொண்டுபோய் நீட்டினால், அப்போதுதான் அந்த 'ஆனா' வரும். புது எஞ்சின் விலையோ நூறு பவுனுக்கு மேல். சிலது இருநூறையும் தாண்டுகிறது. தப்பாக வாங்கினால் நமக்குத் தாங்காது.

"அம்மா, தெரியாமல் எஞ்சின் வாங்குவதைவிட ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டிக் கொடுங்கள். அது யாருக்கும் தப்பாகப் போகாது" என்றார் அந்தப் பெரியவர். தன் வியாபாரத்தையும் விட்டுவிட்டு நல்ல வழி சொன்ன அவர் நன்றாயிருக்க வேண்டும்.

'ரயில்வே மாடலர்' என்ற மாத இதழுக்கு ஒரு வருஷச் சந்தா கட்டினேன். 1949-லிருந்து வருகிற பத்திரிகை. தண்டவாளம் செய்யும் பீக்கோ கம்பெனியைச் சேர்ந்தவர்கள்தான் டெவன் கடற்கரையில் பீர் என்ற ஊரிலிருந்து இதை வெளியிடுகிறார்கள். சிரிக்காதீர்கள், ஊர்ப் பெயரே அதுதான்! ஒரு எஞ்சின் விலையைவிட இது எவ்வளவோ குறைவு. எல்லாம் மாவு விற்ற காசு.

விஷயம் தெரிந்து அரக்கோணத்திலிருந்து நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணி, சம்பளம் பாதி நின்னு கிடக்கிற நேரத்துல அண்ணனுக்கு ரயில் புத்தகமா?" என்றாள். "மாத்திரை வாங்குற மாதிரி இதுவும் ஒண்ணுன்னு வச்சுக்கம்மா" என்றேன்.

பிறந்த நாளன்று காலையில் பரிசுச் சீட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன். பிரித்துப் படித்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு இதழா? எதுக்கும்மா அத்தனை? ஆறு போதுமே" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் புத்தகத்தின் கணக்கையா சொன்னார்? நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "ஆறு வாங்கினா விலை கட்டுப்படியாகாதுங்க. பன்னிரண்டுதான் லாபம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இந்த நாட்டில் மாத இதழ்கள் அட்டையில் போட்டிருக்கும் மாதத்துக்கு முன்பே வந்துவிடும். முதல் இதழை அவர் புரட்டிப் பார்த்து வைத்துவிட்டார். இரண்டாவது இதழுக்கு மூக்குக் கண்ணாடி கேட்டார். மூன்றாவது வருவதற்குள், "இன்னிக்குத் தேதி என்ன? புத்தகம் வரணுமே" என்றார். அவர் தேதி கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கல்லவா தெரியும்!

ஒவ்வொரு இதழிலும் யாராவது தம் வீட்டில் அமைத்த ரயில் பாதையின் படங்களும் வரைபடமும் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கை துறுதுறுத்துவிட்டது. சின்ன அறையில் ஒரு பிளைவுட் பலகை ஏறியது. கனத்தைத் தூக்கியது எங்கள் பையன். சுளுவான வேலை எல்லாம் அப்பா. தண்டவாளத்துக்கு நடுவே பொடி ஜல்லி தூவி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். அந்தப் பசையில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி விட்டால்தான் ஜல்லிக்குள் இறங்குமாம். மருந்து சொட்டும் குழலும் சோப்பும் என் உபயம். டீத்தூள் சக்கையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். அது பசை தடவிய இடத்தில் மண்தரையாகிவிட்டது!

அந்தப் பத்திரிகையில் எந்த ஊரில் எப்போது குட்டி ரயில் கண்காட்சி என்ற பட்டியலும் வரும். அதைப் பார்த்து ஒரு சனிக்கிழமை கிளம்பினார். அங்கே பழக்கமான சிலரோடு வாரம் ஒரு நாள் சங்கத்துக்குப் போகத் தொடங்கினார். போக வர நடைதான். டாக்டர் நாலு மாதமாக நட, நட என்று சொல்லியும் நடக்காத மனிதர்! அவருக்கு உடம்பைத் தேற்றியது டாக்டரும் மாத்திரையும்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடம்பு தேறுகிற வரையில் காத்திருக்க மனசுக்கு ஏதாவது பிடிப்பு வேண்டும் அல்லவா? அதை இந்தப் பத்திரிகை கொடுத்தது. எட்டு மாதம் கழித்து, சோதனைகளில் தேறி, வாரத்தில் மூன்று நாள் பஸ் ஓட்டப் போனார்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒரு ரயில்காரர் இருந்தால், சந்தா கட்டுமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் அவருடைய ரயில் எந்த அளவு, எந்த நாட்டு ரயில் என்று பெட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ரயில் வைத்திருப்பவருக்கு 1934-லிருந்து வரும் 'மாடல் ரெயில்ரோடர்' பொருந்தும். இங்கிலீஷ் பத்திரிகை அவ்வளவாக உதவாது. தோட்டத்தில் பெரிய ரயில் ஓட்டுபவர்களுக்காக அமெரிக்காவில் வந்த 'கார்டன் ரெயில்வேஸ்' 2020-ல் நின்றுபோனது. அதனால் பத்திரிகை இப்போதும் வருகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அவர் ஏற்கெனவே வாங்குகிற பத்திரிகையா என்றும் நைசாக விசாரியுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பத் தபால் செலவு எகிறிவிடும். அங்கே கம்ப்யூட்டரில் படிக்கும் சந்தா மலிவு. ஆனால் வயதானவர்களுக்குக் கையில் பிடித்துப் புரட்டும் காகிதம்தான் சுகம். வருஷம் முடிந்ததும் பணம் தானாகவே எடுத்துக்கொள்ளப்படுமா, நாம் மறுபடி கட்ட வேண்டுமா என்பதையும் படித்துப் பாருங்கள். பரிசு பெற்றவர் பெயருக்குப் புத்தகம் போனாலும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் நம் பெயருக்கு வரும்படி சொல்லிவையுங்கள். பரிசு வாங்கியவருக்கே பில் போவது அழகில்லை.

எங்களுக்கு அந்தக் கடிதம் 2023 ஏப்ரலில் வந்தது. மாவுக் காசு டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சின்ன அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தத் தடவை ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட முடியுமான்னு கேளேன். கொஞ்சம் மலிவா வருமே" என்றார்.