மயில் ஏன் மங்கலாக எரிந்தது

மதுரையில் வைகைக்கு வடகரையில், செல்லூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டுகிறவர்கள். பங்குனி பிறந்தால் சித்திரை முடியும்வரை உள்ளே சுவரே தெரியாது. முருகன், மாரியம்மன், தாமரை, யானை என்று சட்டத்தில் கட்டிய உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். நான் போன அன்று தரையில் ஒரு மயில் மல்லாந்து கிடந்தது. தோகை விரிந்து சுருங்க வேண்டும். விரிந்தது, சுருங்கியது, ஆனால் மங்கலாக. கழுத்துக்குக் கட்டிய நீல விளக்குகள் பளிச்சென்று எரிய, சிவப்புத் தோகை மட்டும் தூங்கி வழிந்தது.

பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கூட டிப்ளமோ முடித்த ஒரு பையன், எல்இடி கோக்கும் இரண்டு பெண்கள். பையன் மடிக்கணினியை வைத்துக்கொண்டு புரோகிராமைத் திருத்தித் திருத்தி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, டைமிங்லதான் ஏதோ இடிக்குது. பிரைட்னஸ் குறையுது பாருங்க."

"நீ அதை மூடி வைடா. தோகைக்கு என்ன கேடுன்னு தோகையைக் கேப்போம்."

அவர் கேட்ட விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. முதலில் ஒரு துண்டு ஒயரை எடுத்து, தோகையை ஓட்டும் டிரான்சிஸ்டரின் கலெக்டரையும் எமிட்டரையும் நேராக இணைத்தார். தோகை பொங்கிக்கொண்டு எரிந்தது. எல்இடி, 12 வோல்ட் சப்ளை, ஒயர் மூன்றும் அந்த ஒரு தொடுதலிலேயே குற்றமற்றவை ஆகிவிட்டன. அடுத்து, புரோகிராம் ஓடும் நானோ போர்டிலிருந்து பேஸ் ரெசிஸ்டருக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தார். மறுபடியும் மங்கல்.

"இப்ப புரோகிராமும் இல்ல, போர்டும் இல்ல. அப்பவும் மங்கல். அப்ப யாரு?" என்று பையனைப் பார்த்தார். அவன் பதில் சொல்லாமல் மடிக்கணினியை மூடினான்.

மீட்டரை எடுத்தபோது பெரியவருக்கு விடை பாதி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது சிக்னல் வருகிறது, ஜங்ஷன் உயிரோடு இருக்கிறது. பூஜ்யம் காட்டியிருந்தால் சிக்னலே வரவில்லை. 5 வோல்ட் காட்டியிருந்தால் உள்ளே ஜங்ஷன் அறுந்திருக்கிறது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 2.6. அங்கேதான் வில்லங்கம். ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் மூடியிருந்தால் அந்த இடத்தில் முழு சப்ளையும் நிற்கும். முழுதாகத் திறந்தால் 0.2 வோல்ட் சுமாருக்கு விழுந்துவிடும். 2.6 என்றால் பாதி திறந்த மடை. தண்ணீரும் முழுதாய்ப் போகாது, அடைத்த பலகையும் அதிரும். பெரியவர் டிரான்சிஸ்டர் மேல் விரலை வைத்து உடனே எடுத்துக்கொண்டார். நானும் வைத்துப் பார்த்தேன். சுட்டது.

அது பிடி 139. 1.5 ஆம்பியர் வரை தாங்கும், பல பட்டறைகளில் புழங்கும் சாமான். தாங்குவது வேறு, திறப்பது வேறு. சென்ற வருடம் ஒரு தோகைக்கு மூன்று மூன்று எல்இடியாகக் கோத்த ஆறு வரிசைகள்தான் இருந்தன. இந்த வருடம் விழாக் கமிட்டி 'நெருக்கமா வேணும்' என்று கேட்டதால் இருபது வரிசை ஆக்கியிருக்கிறார்கள். சிவப்பு எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வோல்ட், மூன்றுக்கு 6. மிச்ச 6 வோல்ட்டை 330 ஓம் ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டால் வரிசைக்கு 18 மில்லி ஆம்பியர். ஆறு வரிசைக்கு 108. இருபதுக்கு 360. ஆனால் பேஸுக்குப் போவது மாறவில்லை: 5 வோல்ட்டில் 0.7 கழிந்து, 1 கே ரெசிஸ்டர் வழியாக 4.3 மில்லி ஆம்பியர். அந்த டிரான்சிஸ்டர் ஐம்பது மடங்கு பெருக்கினாலும் 215க்கு மேல் ஏறாது. லோடு மூன்று மடங்கு கூடியதை யாரும் பேஸுக்குச் சொல்லவில்லை.

ஸ்விட்சுக்கென்று கணக்குப் போடும்போது பெருக்கத்தை நம்பக் கூடாது, கலெக்டரில் ஓடுவதில் பத்தில் ஒரு பங்கைப் பேஸுக்குக் கொடுக்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். அப்படிப் பார்த்தால் இங்கே 36 மில்லி ஆம்பியர் வேண்டும். நானோவில் இருக்கும் ஏடிமெகா 328 சிப்பின் ஒரு பின்னுக்கு 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. 20க்குள் வைத்தால்தான் நிம்மதி. ஆக, ரெசிஸ்டரை மட்டும் குறைத்து ஒப்பேற்றவும் வழியில்லை.

கல்லூரியில் எங்களுக்கு டிரான்சிஸ்டரை ஆம்ப்ளிஃபயராகத்தான் முதலில் காட்டினார்கள். பயாஸ், லோடு லைன், எச் பாராமீட்டர் என்று ஒரு பருவம் முழுக்க ஓடியது. ஸ்விட்ச் என்பது ஓரிரு பக்கம். பாதி திறந்த நிலையில் அதை நிற்க வைப்பதையே வித்தை என்று படித்துவிட்டு வருகிற பையனுக்கு, அதே நிலை இங்கே நோய் என்பது எப்படிப் படும்? அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரியவர் டப்பாவிலிருந்து ஐஆர்எல்இசட் 44என் மாஸ்ஃபெட் ஒன்றை எடுத்தார். கரன்ட் கேட்காமல் வோல்ட்டேஜுக்கே திறக்கும் வகை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரவழைப்பாராம். "எழுத்தைப் பாத்து வாங்கணும் சார். எல் கேட்டா எஃப் தந்துருவாங்க." எஃப் போட்ட ஐஆர்எஃப்இசட் 44என் கேட்டில் 10 வோல்ட் வந்தால்தான் முழுசாய்த் திறக்கும், 3.3 வோல்ட் போர்டில் மாட்டினால் இதே மங்கல் கதை மறுபடி வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான்.

நான் ரசித்தது அதைப் பொருத்திய விதத்தை. பிடி 139ஐ எழுத்து தெரிகிற பக்கமாகப் பிடித்தால் கால்கள் எமிட்டர், கலெக்டர், பேஸ். மாஸ்ஃபெட்டுக்கு கேட், டிரெயின், சோர்ஸ். முதுகைக் காட்டித் திருப்பினால் சோர்ஸ், டிரெயின், கேட். பழைய துளைகளிலேயே அச்சாகப் பொருந்துகிறது! கால்களை இடுக்கியால் கொஞ்சம் நெருக்கி இறக்கினார். 1 கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 220 ஓம் வைத்தார். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கே. போர்டு எழுந்திருக்கும் கணத்தில் பின்கள் அந்தரத்தில் நிற்கும், அப்போது தோகை தானாக எரியாமலிருக்க அது. மீட்டரில் இப்போது 0.01. தொட்டால் சூடே இல்லை.

மற்றப் பழுதுகளைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். 12 வோல்ட் சப்ளையின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறப்பதுதான் அடிக்கடி வருவதாம். பேஸுக்குப் போன கரன்ட் திரும்பி வர வழியிருக்காது. விளக்கு எரியாது, அல்லது கை பட்டால் மினுங்கும். இன்னொன்று, 12 வோல்ட் பக்கம் பிஎன்பி டிரான்சிஸ்டரை வைத்து அதன் பேஸை நேராக போர்டுக்கு இழுப்பது. பின் ஏறினாலும் 5 வோல்ட்தானே? 12ஐ அணைக்க அது போதாது; விளக்கு அணையவே அணையாது, சிப்பும் சாகலாம். பிசி 547க்கு பதில் பிஎன் 2222ஏ வாங்கி அதே திசையில் மாட்டுவது மூன்றாவது. இரண்டுக்கும் கால் வரிசை நேர் எதிர். தலைகீழாக மாட்டினாலும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வேலை செய்துதொலைக்கும், அதனால் சந்தேகம் அதன்மேல் விழாது.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் இது எதுவும் இல்லை. மோட்டார் சுற்றும் உருளையில் செப்புத் தகடு ஒட்டி, அதன்மேல் பட்டைகள் உரசி, 230 வோல்ட் பல்புகளை வரிசையாக எரித்தார்களாம். பழுது வந்தால் பொறி பறக்கும். "கண்ணால பாக்கலாம் சார். இப்ப மீட்டர்தான் கண்ணு."

இப்போது வருகிற பிக்சல் விளக்குகளில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிப். மூன்றே ஒயர், தனி டிரைவர் போர்டு தேவையில்லை. பல வகைகளில் ஒரு சிப் செத்தால் அதற்கு அடுத்தவை எல்லாம் சிக்னல் இல்லாமல் நின்றுவிடும். வெட்டி எறிந்து புதிது ஒட்ட வேண்டியதுதான். அந்த வேலையைப் பெண்கள் இருவருமே செய்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் கமிட்டிக்காரர் வந்தார். பெரியவர் துண்டுச் சீட்டில் எழுதினார்: மாஸ்ஃபெட், ரெசிஸ்டர், கூடுதல் எல்இடி, கோப்புக் கூலி. பழுது கண்டுபிடித்ததற்கு என்று ஒரு வரி போடலாமே என்றேன்.

"அதை எழுதினா, எல்லாரும் அதைத்தான் சார் முதல்ல அடிப்பாங்க" என்றார். கமிட்டிக்காரர் அதற்குள் கோப்புக் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச ஆரம்பித்திருந்தார்.